விடிய 120, பத்து மணிக்கு 35: மலிவுத் தூசு சென்சர்களும் யாழ்ப்பாணத்து ஈரமும்

மார்கழியில் யாழ்ப்பாணத்து வளவொன்றுக்குள் கட்டியிருக்கும் மலிவுத் தூசு சென்சரை விடிய ஐந்து மணிக்குப் பார்த்தால் நுண்தூசு (பி.எம். 2.5) 120 என்று நிற்கும். பத்து மணிக்கு அதே சென்சர் 35 காட்டும். இதற்குள் ஊரில் எரிந்த குப்பையெல்லாம் அணைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வெயில் ஏறி ஈரம் காய்ந்திருக்கிறது. இரவில் நிலத்தோடு ஒட்டிக் கிடந்த புகை மேலே கிளம்பிக் கலைந்ததும் உண்மைதான். ஆனால் இறங்கிய 85இல் எவ்வளவு புகை, எவ்வளவு வெறும் தண்ணீர் என்பதைத் திரையில் தெரியும் எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது.

இந்த வகைச் சென்சர்கள் எங்கள் ஊரில் வாடைக் காலத்தில் (வடகீழ்க் காற்று) கூட்டிச் சொல்லும், சோளகத்தில் (தென்மேல் காற்று) குறைத்துச் சொல்லும். ஒரே திருத்த எண்ணால் வருடம் முழுக்கப் பெருக்கிக்கொண்டிருந்தால் இரண்டு காலத்திலும் விடை பிழையாகும். ஏன் அப்படி, எவ்வளவு தூரம் சரிக்கட்டலாம், எங்கே கைவிடவேண்டும் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

பி.எம். 2.5 என்பது ஒரு கனமீற்றர் வளியில் 2.5 மைக்கிரோமீற்றருக்கு உட்பட்ட துணிக்கைகள் எத்தனை மைக்கிரோகிராம் என்ற நிறைக் கணக்கு. (இனி மைக்கிரோகிராம் என்று மட்டும் எழுதினால் இதுதான்.) இதை முறைப்படி அளப்பவர்கள் நிமிடத்துக்கு 16.67 லீற்றர் வளியை 24 மணித்தியாலம் ஒரு வடிதாளுக்குள்ளால் இழுத்து, அந்தத் தாளை நிறுக்கிறார்கள். அமெரிக்க முறையில் நிறுக்க முதல் தாளை 20 தொடக்கம் 23 பாகை செல்சியஸிலும், 30 தொடக்கம் 40 வீத ஈரப்பதனிலும் வைத்திருக்கவேண்டும். அதாவது அங்கே நிறுக்கப்படுவது காய்ந்த தூசு.

பிளான்டவர் பி.எம்.எஸ்.5003, நோவா எஸ்.டி.எஸ்.011, சென்சிரியன் எஸ்.பி.எஸ்.30 ஆகிய மூன்றும் நிறுப்பதில்லை. ஒரு சின்ன விசிறி வளியை இழுக்கிறது, லேசர் ஒளி அதில் படுகிறது, சிதறும் ஒளியை ஒரு பக்கத்திலிருக்கும் ஒளியுணரி பிடிக்கிறது. அந்த வெளிச்சத்திலிருந்து பருமனை ஊகித்து, பருமனிலிருந்து நிறையை ஊகிக்கிறது. துணிக்கையின் அடர்த்தி, வடிவம், ஒளிமுறிவு எல்லாம் தொழிற்சாலையில் ஏற்கெனவே தீர்மானித்துவிட்ட எண்கள். பனையோலை எரித்த புகையும் கடல் உப்பும் அதற்கு ஒன்றுதான்.

பிளான்டவரின் தரவுத்தாளைப் பார்த்தாலே எதிர்பார்ப்பு இறங்கிவிடும். 100 மைக்கிரோகிராம் வரை கூடக்குறைய 10 மைக்கிரோகிராமும், அதற்குமேல் 500 வரை கூடக்குறைய 10 வீதமும் விலகலாம் என்று போட்டிருக்கிறார்கள். அதுவும் ஆய்வுகூடத்தில், அவர்களுடைய புகையில். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டல் 24 மணித்தியாலச் சராசரிக்கு வைத்திருக்கும் எல்லை 15 மைக்கிரோகிராம். இலங்கைச் சட்டத்தில் 2008இலிருந்து 50. அப்படியென்றால் புதுச் சென்சர் 12 காட்டும் நாளில், அது உலக சுகாதார நிறுவன எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்று சண்டை பிடிப்பதில் பிரயோசனமில்லை. 50ஐத் தாண்டியதா என்ற கேள்விக்கு, ஈரத்தைக் கழித்துவிட்டால், ஓரளவு நம்பகமாகப் பதில் சொல்லும்.

எஸ்.டி.எஸ்.011இன் தரவுத்தாள் வேலை செய்யும் ஈரப்பதனை 70 வீதத்தோடு நிறுத்திவிடுகிறது. யாழ்ப்பாணத்து இரவில் 70 வீதத்துக்குக் கீழே எப்போது இறங்குகிறது? புதிதாக வாங்குபவர் அதை விட்டுவிடலாம்.

தண்ணீரும் உப்பும்

சோடியம் குளோரைட்டு ஏறத்தாழ 75 வீத ஈரப்பதனில் வளியிலுள்ள நீராவியை உறிஞ்சித் துளியாகிவிடும். அமோனியம் சல்பேற்றுக்கு அந்த எல்லை 80 வீதம் அளவில். நகரப் புகையிலும் இந்தியப் பக்கத்திலிருந்து நெடுந்தூரம் வரும் மூட்டத்திலும் அந்த இரண்டாவது சாமான் தாராளம். ஒருமுறை துளியான உப்பு திரும்பக் காய்வது 75இல் அல்ல. ஈரப்பதன் 45 வீதம் அளவுக்கு இறங்கவேண்டும். மூன்று பக்கமும் கடலும் நடுவில் நீரேரியும் உள்ள இந்தக் குடாநாட்டில் நடுமத்தியானத்தில்கூட அது அவ்வளவு இறங்குவது அருமை. ஆகவே இரவில் நனைந்த உப்பு பகலிலும் நனைந்தபடியே திரிகிறது. பகலில் துளி சின்னதாகும், முழுக்கக் காயாது.

துளி பெருத்தால் சிதறும் ஒளி கூடும், சென்சர் அதைத் தூசு என்று எண்ணும். இதற்கு எளிய திருத்தம் ஒன்று உண்டு. ஈரப்பதனைப் பின்னமாக எழுதுங்கள்: 90 வீதம் என்றால் 0.9. ஒன்றை அதால் வகுத்து, வந்ததிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். துணிக்கை எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதற்குரிய எண்ணை 1.65ஆல் வகுத்து, அதை முன்னர் வந்த விடையால் மீண்டும் வகுத்து, ஒன்றைக் கூட்டுங்கள். சென்சரின் எண்ணை இந்தக் காரணியால் பிரிக்கவேண்டும். தண்ணீர் குடிக்கும் எண்ணுக்குக் கலவையான நகர வளிக்கு 0.4 வைப்பது வழக்கம். அப்படிச் செய்தால் காரணி 70 வீதத்தில் 1.57, 85 வீதத்தில் 2.37, 90 வீதத்தில் 3.2, 95 வீதத்தில் 5.6.

கடைசி இரண்டு எண்ணையும் பாருங்கள். 90இலிருந்து 95க்குப் போகும்போது காரணி கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. உங்கள் ஈரப்பதன் மானி 3 வீதம் பிழைத்தால் திருத்தம் முழுக்கப் பிழைக்கும். ஆகவே 90க்கு மேலே உள்ள மணித்தியாலங்களைத் திருத்தி வெளியிடுவதைவிட, ‘ஈரம் கூட’ என்று குறியிட்டுச் சராசரியிலிருந்து விலக்குவதே நேர்மை. மார்கழி, தை இரவுகளில் பாதி போய்விடும். போகட்டும்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. திருத்தத்துக்கு வேண்டியது சென்சருக்குள் நுழையும் வளியின் ஈரப்பதன்; திருநெல்வேலி வானிலை அவதான நிலையத்தின் எண்ணல்ல. வெளியே 25 பாகை, 95 வீதம் என்று வைப்போம். பெட்டிக்குள் மின்சுற்றின் சூட்டால் 29 பாகை இருந்தால் அதே வளியின் ஈரப்பதன் அங்கே 75 வீதம்தான். வெளி எண்ணைப் போட்டால் 5.6ஆல் பிரிப்பீர்கள், உள்ளெண்ணைப் போட்டால் 1.7ஆல். ஈரப்பதன் மானியைப் பெட்டிக்குள், சென்சரின் வாயிலுக்கு இரண்டு விரல் தூரத்தில், இ.எஸ்.பி. பலகைக்கு (எண்ணை வாசித்து வைஃபையில் அனுப்பும் மின்சுற்று) எட்டவாகப் பொருத்துங்கள்.

பர்ப்பிள்எயார் என்ற ஆயத்த வளித்தரக் கருவிகளுக்கு அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தார் உருவாக்கிய சமன்பாடு இதைவிட எளிது: சென்சர் எண்ணின் 0.524 மடங்கிலிருந்து, ஈரப்பதன் வீதத்தின் 0.0862 மடங்கைக் கழித்து, 5.75 கூட்டவேண்டும். சென்சர் 60 காட்டி, பெட்டிக்குள் 85 வீதம் என்றால் விடை 29.9. அந்தச் சமன்பாட்டை எடுத்த கருவிக்குள் இருந்ததும் இரண்டு பி.எம்.எஸ்.5003தான் என்பதால் இங்கே பலர் அதை அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். ஈரப்பதனாக அவர்கள் போட்டது கருவியின் உள்ளெண் என்பதை மறக்கக்கூடாது. அதோடு அது அமெரிக்க நகர வளிக்கும் அங்குள்ள புகைக்கும் பொருந்தும்படி எடுத்த நேர்கோடு. எங்கள் உப்புக்கு எடுத்ததல்ல. ஒப்பிட்டுப் பார்க்க நல்லது, தீர்ப்புச் சொல்ல ஆகாது. மேலே சொன்ன காரணியால் அதே 60ஐப் பிரித்தால் 25 வரும். இரண்டு வழியும் 25, 30 என்று பக்கம் பக்கமாக வருவதால் அன்றைக்குச் சென்சர் ஏறத்தாழ இரண்டு மடங்கு கூட்டிச் சொல்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

எந்த நிரலை எடுப்பது

பிளான்டவர் ஒவ்வொரு முறையும் 32 பைற்று அனுப்பும். முதல் இரண்டும் பதின்மக் கணக்கில் 66, 77. அடுத்த இரண்டும் நீளம்; எப்போதும் 28. பிறகு ஒவ்வொன்றும் இரண்டு பைற்றாகப் பதின்மூன்று எண்கள், பெரிய பைற்று முன்னால். முதல் மூன்றும் ‘நியமத் துணிக்கை’ நிரல் (எண் வரிசை). அடுத்த மூன்றும் ‘வளிமண்டல’ நிரல். தாழ்ந்த எண்களில் இரண்டு நிரலும் ஒன்றே. ஏறத்தாழ 30 மைக்கிரோகிராமைத் தாண்டியதும் வளிமண்டல நிரல் பின்தங்கத் தொடங்கி, உயர்ந்த எண்களில் மற்றதன் மூன்றில் இரண்டில் போய் நிற்கும். மேலே சொன்ன அமெரிக்கச் சமன்பாடு முதல் நிரலுக்கு உரியது. வளிமண்டல நிரலை எடுத்து அதற்குள் போட்டால், புகை கூடிய நாளில்தான் மிகக் குறைவாகக் காட்டும். இணையத்தில் கிடைக்கும் ஆயத்த மென்பொருள்கள் பலவற்றில் எந்த நிரல் என்று குறிப்பே இராது; ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

கடைசி இரண்டு பைற்றும் சரிபார்ப்புத் தொகை. முதல் முப்பது பைற்றையும் கூட்டினால் அது வரவேண்டும். வராவிட்டால் அந்த வாசிப்பை எறியுங்கள். இந்த ஒரு வரியை எழுதாமல் விட்டவர்களின் வரைபடத்தில்தான் நள்ளிரவில் திடீரென்று 3000 என்று ஊசி குத்தி நிற்கும்.

வயர், பெட்டி, இடம்

பி.எம்.எஸ்.5003க்கு 4.5 தொடக்கம் 5.5 வோல்ற் வேண்டும். சமிக்ஞை வயர்கள் 3.3 வோல்ற். விசிறி சுற்றும் வேகம் மின்னோடு இறங்கும், வேகம் இறங்கினால் உள்ளே போகும் வளி குறையும், எண் பிழைக்கும். மதிலில் கட்டுவதற்காக 5 மீற்றர் மெல்லிய யு.எஸ்.பி. வயர் இழுக்கிறோம். 28 கேஜ் கம்பி மீற்றருக்கு 0.21 ஓம், போகவர 10 மீற்றர், 2.1 ஓம். சென்சரும் பலகையும் சேர்ந்து 200 மில்லி அம்பியர் இழுத்தால் 0.4 வோல்ற் போகும். வைஃபை அனுப்பும் கணத்தில் இன்னும் 300 ஏறினால் ஒரு வோல்ற்றே போய்விடும், சென்சரில் மிஞ்சுவது 4 வோல்ற். 20 கேஜ் வயர் போட்டால் இந்தத் தொல்லை ஆறில் ஒன்றாகக் குறையும். சென்சரின் மின்முனையில் 1000 மைக்கிரோபரட் கொள்ளளவி ஒன்றையும் வைத்துவிடுங்கள். தூரம் கூட என்றால் 12 வோல்ற்றில் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் 5 ஆக இறக்குவது நல்லது.

ஈரப்பதன் மானி வாங்கும்போது டி.எச்.டி.11ஐத் தொடவேண்டாம். அது 90 வீதத்தோடு நின்றுவிடும், கூடக்குறைய 5 வீதம் பிழைக்கும். எஸ்.எச்.டி.31 என்றால் 2 வீதம். பி.எம்.இ.280 என்று விற்பவற்றில் கொஞ்சம் பி.எம்.பி.280 ஆக வரும்; அதில் ஈரப்பதன் மானியே கிடையாது. சில்லின் அடையாள எண்ணை வாசித்துப் பாருங்கள். பதின்மத்தில் 96 என்றால் நீங்கள் கேட்டது. 88 என்றால் திருப்பிக் கொடுங்கள்.

பெட்டிக்கு 110 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாய் ஓரடித் துண்டு, மேலே ஒரு மூடி, கீழே திறந்த வாய். வெள்ளை நிறமாக இருக்கட்டும். சென்சரின் வாயிலும் விசிறியின் வெளிவாயும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தகட்டை நிறுத்தாவிட்டால் விட்ட வளியையே திரும்ப உறிஞ்சிக்கொண்டு இருக்கும். வாய் கீழ்நோக்கி, குழாயின் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே. கீழ் வாய்க்கு நுளம்பு வலை போடலாமா என்று கேட்பார்கள். குழாய் வாயில் போடலாம், சென்சரின் வாயிலில் ஒட்டக்கூடாது. வலையில் உப்பும் தூசும் படிந்து அடைக்கும், மாதம் ஒருமுறை தூரிகையால் தட்டவேண்டும். போடாவிட்டால் சிலந்தி குடியேறும். ஒரு நூல் இழை லேசரின் பாதையில் ஆடினாலே எண் நூற்றுக்கணக்கில் துள்ளும். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டில் குப்பை கொளுத்துகிறார்கள் என்று பழி போடுவோம்.

குருநகர், வல்வெட்டித்துறை, காங்கேசன்துறை மாதிரிக் கரையோரத்தில் வைப்பவர்கள் இ.எஸ்.பி. பலகைக்கும் இணைப்புகளுக்கும் அக்ரிலிக் பூச்சு அடிக்கவேண்டும். சென்சரைப் பூச்சுத் தெளிக்கும் அறைக்குள்ளேயே கொண்டுபோகக் கூடாது. ஒளியுணரியில் ஒரு தெளிப்புப் பட்டாலே போதும்.

இடத்தைப் பொறுத்தவரை நிலத்திலிருந்து 2 தொடக்கம் 4 மீற்றர். குசினிப் புகைபோக்கி, சாமியறை யன்னல், ஓட்டோ நிறுத்துமிடம், சருகு கூட்டிக் கொளுத்தும் மூலை இவற்றுக்குக் கிட்ட வேண்டாம். ஊரின் வளி வேண்டுமா, உங்கள் அடுப்பின் வளி வேண்டுமா என்பதை முதலில் தீர்மானியுங்கள். மேற்கு வெயில் நேரே படும் சுவரில் கட்டினால் பின்னேரத்தில் பெட்டிக்குள் ஏழெட்டுப் பாகை கூடலாம். அது ஈரப்பதன் திருத்தத்தையும் சேர்த்துக் குழப்பும்.

கட்ட முதல் செய்யும் சோதனைகள்

ஒரே தொகுதியில் வந்த இரண்டு சென்சரை வாங்கி, இரண்டையும் ஒரே பெட்டியில் வையுங்கள். செலவு இரட்டிப்புத்தான், ஆனால் ஒன்று பழுதானதை மற்றொன்றுதான் காட்டிக்கொடுக்கும். ஒற்றைச் சென்சரின் எண்ணை மறுத்துச் சொல்ல அங்கே யாருமில்லை.

முதலாவது, பூச்சியச் சோதனை. இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றுக்குள் சென்சரையும், வடிதாளோடு இணைத்த சிறு விசிறியையும் வையுங்கள். வக்கூம் கிளீனரின் ஹெப்பா வடிதாள் போதும். இருபது நிமிடத்தில் எண் 0 அல்லது 1க்கு இறங்கவேண்டும். 4, 5 என்று நின்றால் பெட்டி ஒழுகுகிறது, அல்லது சென்சருக்குள் அழுக்கு. பெட்டியின் விளிம்பை ரேப் ஒட்டி மறுபடி பாருங்கள்.

இரண்டாவது, புகை இறக்கம். யன்னல் பூட்டிய அறையில் நுளம்புத்திரியின் ஒரு சின்னத் துண்டை எரித்து, மின்விசிறியால் கலக்கி, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெளியே வாருங்கள். எண் முதலில் 500ஐத் தாண்டும். அந்தப் பகுதியைத் தூக்கி எறியுங்கள், சென்சரின் எல்லை அவ்வளவுதான். 300இலிருந்து 20 வரை இறங்கும்போது இரண்டு சென்சரின் விகிதம் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். 1.1 என்று நிலையாக நின்றால் ஒரு பெருக்கலால் சரிக்கட்டலாம். மேலே 1.0, கீழே 1.4 என்று வழுகினால் ஒன்றில் பூச்சியம் இடம்பெயர்ந்திருக்கிறது. இது இரண்டும் தமக்குள் ஒத்துப்போகின்றனவா என்ற சோதனை மட்டும். நுளம்புத்திரியில் ஒத்துப்போனது கடல் உப்பில் உண்மை சொல்லும் என்று கருதக்கூடாது.

மூன்றாவதுதான் உண்மையான அளவுத்திருத்தம்: தரமான கருவிக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. மத்திய சுற்றாடல் அதிகாரசபை, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், பல்கலைக்கழகம் என எங்காவது அனுமதி கிடைத்தால் முதலில் ஒன்று கேளுங்கள்: அங்கே இருப்பது வடிதாளா, பீட்டாக் கதிர்க் கருவியா, அல்லது அதுவும் லேசர் சென்சர்தானா? கடைசி என்றால் ஒரே ஈரம் இரண்டையும் ஒரே பக்கம் தள்ளும். வரைபடம் அழகாக ஒத்துப்போகும், உண்மை வேறெங்கோ இருக்கும்.

அமெரிக்க முகவரகம் 2021இல் வெளியிட்ட சோதனை முறை ஒரு நல்ல அளவுகோல். குறைந்தது மூன்று சென்சர், முப்பது நாள், பிறகு வேறு பருவத்தில் மறுபடி. 24 மணித்தியாலச் சராசரிகளை வைத்து ஒரு நேர்கோடு வரைந்தால் சாய்வு 0.65க்கும் 1.35க்கும் இடையில், வெட்டு (கோடு பூச்சியத்திலிருந்து விலகித் தொடங்கும் தூரம்) 5 மைக்கிரோகிராமுக்குள், ஆர் வர்க்கம் (புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு ஒட்டுகின்றன என்ற அளவு) 0.70க்குக் குறையாமல் இருக்கவேண்டும். இரண்டு பருவம் என்பது எங்களுக்கு ஒன்று வாடை, மற்றது சோளகம். ஆனி மாதத்தில் மட்டும் ஒப்பிட்டு எடுத்த கோட்டை மார்கழிக்குப் போடுபவர்கள்தான் கனபேர்.

சோளகத்தில் தவறவிடுவது

வைகாசியிலிருந்து புரட்டாதி வரை காற்று பலம். வலிகாமத்தின் செம்மண் தோட்டங்கள் காய்ந்து பறக்கும், சுண்ணாம்புக்கல் உடைக்கும் இடங்களில் வெள்ளைத் தூசு எழும், கரையில் அலையடித்து உப்பு ஏறும். கண்ணுக்கும் மூக்கிற்கும் தெரியும் தூசு இது. ஆனால் இதில் பெரும்பங்கு 2.5 மைக்கிரோமீற்றரைவிடப் பெரிது. பிளான்டவருக்கு ஒரு மைக்கிரோமீற்றருக்கு மேலே பார்வை மங்கல். பெரிய துணிக்கைகள் சின்ன விசிறியின் இழுப்போடு வளைந்து திரும்பமாட்டாமல் வாயிலிலேயே தவறிவிடும். பிறகு அது தரும் பி.எம். 10 (10 மைக்கிரோமீற்றருக்கு உட்பட்ட தூசு) என்ற எண் எங்கிருந்து வருகிறது? சின்னத் துணிக்கைகளைப் பார்த்து, பெரியது இவ்வளவு இருக்கும் என்று கணித்த எண். எஸ்.பி.எஸ்.30இன் தரவுத்தாளும் பி.எம். 4, பி.எம். 10 இரண்டும் பருமன் பரம்பலிலிருந்து கணிக்கப்படுபவை என்றே சொல்கிறது.

கல்லுடைக்கும் ஆலைக்குப் பக்கத்தில் இந்தச் சென்சரைக் கட்டி ‘பி.எம். 10 வெறும் 20தான்’ என்று ஒருவர் காட்டினால் அது ஆலைக்குக் கிடைத்த இலவச நற்சான்று. முறைப்பாடு செய்யப் போகிறவர்கள் இதைக் கொண்டுபோகவேண்டாம். வடிதாள் கருவி கேட்டு எழுதுங்கள். மலிவுச் சென்சரின் பி.எம். 10 நிரலைச் சேமிக்காமலே விடுவது என் பரிந்துரை. சேமித்தால் யாராவது ஒருநாள் எடுத்துப் போடுவார்கள்.

இதே காரணத்தால் சென்சர் வலுவாக இருக்கும் இடமும் தெரிகிறது. குப்பை, பனம் மட்டை, சருகு எரித்த புகை, டீசல் புகை, தைப்பொங்கல் வெடி இவையெல்லாம் ஒரு மைக்கிரோமீற்றருக்கு உட்பட்டவை. பகல் வேளையில், ஈரப்பதன் 75க்குக் கீழே நிற்கும்போது, எந்த மணிக்கு ஏறியது, எந்தக் காற்றில் ஏறியது, பக்கத்து ஒழுங்கையைவிட இரண்டு மடங்கா என்ற கேள்விகளுக்கு இதைவிட மலிவான சாட்சி கிடையாது.

சராசரி, நேரம், சுட்டெண்

சென்சரை உறங்கவைத்து எழுப்புபவர்கள் எழுப்பிய முதல் 30 செக்கனை விடவேண்டும். அதன்பின் ஒரு நிமிட வாசிப்புகளின் நடு எண்ணை எடுங்கள். ஒரு பூச்சி நுழைந்தாலும் நடு எண் அசையாது. ஒரு மணித்தியாலத்தில் முக்கால்வாசி வாசிப்பு இல்லாவிட்டால் அந்த மணியை வெற்றாக விடுங்கள். ஒரு நாளுக்கு 18 மணித்தியாலம் இல்லாவிட்டால் அந்த நாளையும். கரண்ட் போன மூன்று மணித்தியாலத்தை முன்பின் எண்களால் நிரப்பவேண்டாம்.

சேவையகம் சர்வதேச நேரத்தில் ஓடினால் அதன் ‘நாள்’ எங்களுக்குக் காலை 5.30க்குத் தொடங்கும். விடியப்புறப் புகையின் முதற்பாதி நேற்றைய கணக்கிலும் மிச்சம் இன்றைய கணக்கிலும் விழும். தினச் சராசரியை மற்றவர்களோடு ஒப்பிட்டு, ‘ஏன் ஒத்துவரவில்லை’ என்று சென்சரைக் கழற்ற முதல் இதைப் பாருங்கள்.

வளித்தரச் சுட்டெண் (ஏ.கியூ.ஐ.) இன்னொரு குழப்பம். அமெரிக்கச் சுட்டெண்ணின் பி.எம். 2.5 எல்லைகள் 2024 மே மாதத்தில் மாறின. 10 மைக்கிரோகிராம் பழைய கணக்கில் 42, பச்சை; புதிய கணக்கில் 53, மஞ்சள். 100 மைக்கிரோகிராம் அன்று 174, இன்று 182. ஒரு செயலி பழையதிலும் மற்றது புதியதிலும் நின்றால் ஒரே வளிக்கு இரண்டு நிறம். அதோடு சுட்டெண் 24 மணித்தியாலச் சராசரிக்கு உரியது. ஒரு நிமிட வாசிப்பைச் சுட்டெண்ணாக்கி முகநூலில் போடுவது வெறும் பதற்றம் பரப்பல். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த மூட்டத்தில் நாடு முழுக்கப் பாடசாலைகளை மூடியது மாதிரியான நேரங்களில், மைக்கிரோகிராமையும் எத்தனை மணித்தியாலச் சராசரி என்பதையும் சேர்த்து எழுதினால்தான் எவருக்கும் உதவும்.

எம்.கியூ.135 என்ற வாயு சென்சர் பற்றியும் கேட்பார்கள், ஒரு வரியில் முடித்துவிடுகிறேன்: அது அமோனியா, மதுசாரம், புகை, ஈரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஆட்டம் ஆடும், எந்த வாயு எவ்வளவு என்று அதால் சொல்லமுடியாது.

தேயும்போது

எஸ்.டி.எஸ்.011இன் லேசருக்கு 8000 மணித்தியாலம் என்று போட்டிருக்கிறார்கள். நிறுத்தாமல் ஓடினால் பதினொரு மாதம். ஐந்து நிமிடத்தில் ஒரு நிமிடம் ஓடவிட்டால் நாலரை வருடம் இழுக்கலாம். பிளான்டவருக்கு மூன்று வருடம் என்கிறார்கள். கரையோரத்தில் அதற்கு முன்பே விசிறியின் அச்சு உப்பில் இறுகி உராயத் தொடங்கும். காதைக் கிட்ட வைத்தால் கேட்கும். ஒளியுணரியில் தூசு படிந்தால் எண் மெல்ல மெல்லக் குறையும். ஊரின் வளி திருந்திவிட்டதாகத் தோன்றும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சியச் சோதனையையும் புகை இறக்கத்தையும் செய்து, கிடைத்த விகிதத்தைத் திகதியோடு எழுதிவைத்தால் இந்தச் சரிவு பிடிபடும். இரண்டு சென்சரின் தினச் சராசரி 5 மைக்கிரோகிராமுக்கு மேலும் 20 வீதத்துக்கு மேலும் விலகினால் அந்த நாளை வெளியிடாமல் பெட்டியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் சிலந்திதான்.

மாற்றும்போது பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டினால் தொடர் அங்கேயே அறுந்துவிடும். எண் இறங்கியது வளியாலா, சென்சராலா என்று பிறகு யாராலும் சொல்லமுடியாது. வாடை தொடங்க முதல், ஐப்பசியில், புதியதைப் பழையதன் பக்கத்தில் இரண்டு கிழமை ஓடவிட்டு, விகிதத்தைக் குறித்துக்கொண்டு, அதன்பிறகு பழையதைக் கழற்றுங்கள். கழற்றியதை எறியவேண்டாம், ஈரம் புகாத டப்பாவில் போட்டு வைத்தால் அடுத்த ஒப்பீட்டுக்கு உதவும்.